மொட்டை மாடியில் பினா கொலாடா

அண்ணி,

என் வலது கை ரம் மணக்கிறது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போகவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அவ்வளவு அழுத்தித் தேய்க்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா வீட்டில் இன்று கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போட்டோம். வருடா வருடம் நம் தெருப் பெண்கள் அவர் வீட்டு ஹாலில் கூடி, திராட்சையும் செர்ரியும் பேரீச்சையும் நறுக்கி, பெரிய பீங்கான் ஜாடியில் கொட்டி, மேலே ரம் ஊற்றி வைப்பார்களே, அதே கூட்டம்தான். நான் போய் உட்கார்ந்தது இதுதான் முதல் வருடம். பாட்டிலைத் திறக்கும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எஸ்தர், வேணும்னா நீ பால்கனில போய் நில்லும்மா" என்றார். "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு ஜாடிக்குள் கையை விட்டுக் கிளறிக் கொடுத்தேன். பக்கத்திலேயே கரண்டி இருந்தது. கையால்தான் கிளறினேன்.

இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு எட்டி நடை போட்டேன். கேட்டைத் திறக்கும்போதுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

பிரேசர் டவுனில் நம் வீட்டு கேக்கைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. ஆரஞ்சு ஜூஸில் ஊறின கேக். நீங்கள் கல்யாணமாகி வந்த வருடம் உங்கள் அம்மா கோலார் தங்கவயலிலிருந்து ரம்மில் ஊறின பழத்தை ஜாடியோடு கொடுத்தனுப்பினார். என் அம்மா அதை வாசலிலேயே வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, மறுபடி மூடி, அப்படியே எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். புதுப்பெண் நீங்கள். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "ஆரஞ்சு ஜூஸ்ல ஊறவைக்கலாமா மாமி?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தக் கேள்வியிலேயே அம்மா உங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்.

ஏன் என்று அம்மா உங்களுக்குச் சொன்னாரா, அண்ணன் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அப்பா ரம்மில் போனவர். மில் வேலை முடிந்து வரும்போது மிலிட்டரிக்கார சிநேகிதர் கொடுக்கும் பாட்டிலோடு வருவார். சாயங்காலத்தில் அவருடைய செருப்புச் சத்தத்துக்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் என்ன உடையும், யாருக்கு விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அம்மா அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வாக்கு ஒன்றே ஒன்றுதான். இனி இந்த வாசற்படியை ஒரு பாட்டிலும் தாண்டக் கூடாது. அண்ணன் அதை வேதவாக்காக வைத்துக் காப்பாற்றினார். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். கல்யாண வீட்டில் யாராவது குடித்திருந்தால் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிடுவேன். டிசம்பரில் பேக்கரி இருக்கும் பக்கமாக நடக்க மாட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒருவர் சட்டையில் அந்த வாடை வந்தது என்று காபியைக் கையில் கொடுக்காமலேயே உள்ளே போனவள் நான். அதற்குப் பிறகு வந்தவர்களையும் நான் அவ்வளவு நம்பவில்லை. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டையில் குறை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. மனிதர்களிடம் கண்டுபிடிப்பது கஷ்டமா என்ன?

இப்படிப்பட்டவளிடம் வந்துதான் நீங்கள் அந்தப் பேச்சை எடுத்தீர்கள்.

ஸ்கூலிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து கோவா போய் வந்தீர்கள். வந்த பிறகு ஒரு சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"எஸ்தர், அங்க ஒண்ணு குடிச்சேன்" என்றீர்கள்.

"என்ன, இளநீரா?"

"அன்னாசி, தேங்காய்ப்பால், ரம். பினா கொலாடாவாம்."

என் கை நின்றுவிட்டது. நீங்கள் பாட்டுக்குக் காம்பைக் கிள்ளிக்கொண்டே பேசினீர்கள். "ஆனா அவன் பண்ணது சரியில்ல. எல்லாத்தையும் டின்னுல இருந்து ஊத்தறான். ஒரே பவுடர் வாசனை. சரியா பண்ணா எப்படி இருக்கும்னு அன்னையில இருந்து மண்டையைக் குடையுது. வீட்லயே பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கேன். உங்க அண்ணன்கிட்ட நேரம் பார்த்து நானே சொல்லிக்கறேன். உனக்குத் தெரியாம மட்டும் பண்ண மாட்டேன். நீ வேண்டாம்னா வேண்டாம், விட்டுடறேன்."

அண்ணி, ரம் விஷயத்தில் அதுவரைக்கும் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை. வாக்கு வாங்கும்போது அம்மாவும் கேட்கவில்லை. கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் கேட்டீர்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாட்டில் வாசப்படி தாண்டக் கூடாது" என்று வந்தது.

முப்பது வருடம் கெமிஸ்ட்ரி எடுத்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆனது உங்கள் முகம். "மாடிப்படி வெளியதானே இருக்கு?" என்றீர்கள்.

காம்பவுண்டு ஓரமாக ஏறும் அந்த இரும்புப் படி வழியாகப் போனால் வாசற்படியைத் தொடவே வேண்டாம். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கு அடியில் பழைய சாமான் போடும் பொந்து இருக்கிறது. பாட்டிலுக்கு அதுதான் வீடு. போய்ச் சேர்ந்துவிட்ட என் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் பிசகாது, உங்கள் ஆராய்ச்சியும் நடக்கும். சர்ச் கமிட்டி மெம்பர் பெண்டாட்டிக்கு வரக்கூடிய புத்திதான் அது.

பாட்டில் வாங்கப் போனது ஒரு தனிக் கூத்து. நான் எதிர்ப் பக்கத்து மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டேன். நீங்கள் காட்டன் சேலையும் கைப்பையுமாக, ஏதோ பரீட்சை ஹாலுக்குள் போவது போல, நேராக வைன் ஷாப்புக்குள் நுழைந்தீர்கள். கவுன்டரில் நின்றிருந்த ஆள் உங்களைப் பார்த்ததும் குனிந்து கும்பிட்டான். "நமஸ்காரா மிஸ்! நான் ஹரீஷ், மிஸ். டென்த் பி செக்‌ஷன்." அவன் குரல் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. எனக்கு பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. நீங்கள் அசரவில்லை. "ஹரீஷ், சென்னாகிதியாப்பா?" என்று கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டு, "வெள்ளை ரம்முல நல்லதா ஒண்ணு எடு" என்றீர்கள். அவன் ஏழெட்டு காகிதத்தில் சுற்றி, ரேங்க் கார்டை நீட்டுவது போல இரண்டு கையாலும் நீட்டினான்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் கமிட்டி மீட்டிங் போகும் நேரம்தான் நமக்கு வசதி. முதல் சனிக்கிழமை உங்கள் ஏற்பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பானம் கலந்து குலுக்கும் பாத்திரத்துக்குப் பதில் நம் வீட்டு எவர்சில்வர் தூக்கு. ரம் அளக்க இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடி. "இதுல எம்.எல். கோடு போட்டிருக்கு பாரு. கண் மதிப்புல ஊத்தறது குடிகாரன் வேலை" என்றீர்கள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். நான் துணி காயும் கொடிக்கு அந்தப் பக்கம், காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்து, வாடை வராத மூலையில் நின்றேன்.

அந்த முதல் தடவை சொதப்பல். தேங்காயைத் துருவி, எப்போதும் குருமாவுக்குப் பிழிவது போல வெந்நீர் விட்டுக் கெட்டிப்பால் எடுத்து, அன்னாசிச் சாறு, ரம், ஐஸ் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கில் போட்டுக் குலுக்கினீர்கள். தம்ளரில் ஊற்றினால் மேலே வெள்ளை வெள்ளையாகக் குருணை மிதந்தது. வாயில் வைத்துவிட்டு, "மெழுகுவத்தி தின்ன மாதிரி இருக்கு" என்றீர்கள். அங்கிருந்தே நான், "ரிஜெக்ட்" என்றேன். கம்பெனியில் சொல்லிச் சொல்லி வாயில் வரும் வார்த்தை அது. நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தார்.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுடுச்சு" என்றீர்கள் ராத்திரிச் சமையலின்போது. "டிசம்பர்ல தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு போகுதில்ல? அதேதான். ஐஸ் பட்டதும் கொழுப்பு உறையுது. பாலைச் சக்கரை போட்டு லேசா காய்ச்சி, அன்னாசிச் சாறோட நல்லா கலந்துட்டு, அப்புறம்தான் ஐஸ் கிட்ட போகணும்."

அடுத்த சனிக்கிழமை பால் காய்ச்சும் பொறுப்பை என்னிடம் விட்டீர்கள். அடுப்பங்கரையில் ரம் இல்லையே, எனக்கு என்ன பயம்? முதல் பாலை மட்டும் எடுத்து, சர்க்கரையும் ஒரு கல் உப்பும் போட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் கிளறினேன். கெட்டியாகப் பளபளவென்று வந்தது. வந்த சந்தோஷத்தில், கை தன்பாட்டுக்கு ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிட்டது. ஆப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலுக்குப் போட்டுப் பழகின கை! மாடியில் அதைக் கலந்து ஒரு வாய் குடித்துவிட்டு நீங்கள் அப்படியே நின்றீர்கள். "எஸ்தர், இது ஈஸ்டர் காலையில ஆப்பம் சாப்பிடற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பினா கொலாடா இல்ல."

மூன்றாவது தடவைக்குத்தான் அது சரியாக வந்தது. அன்னாசி நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், காம்புப் பக்கம் மோந்தால் வாசனை தூக்க வேண்டும். மிக்ஸியில் அடித்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். "பேருக்கே வடிகட்டின அன்னாசின்னுதான் அர்த்தம், வடிகட்டாம எப்படி?" என்று பாதிப் பழத்தைச் சக்கையாக்கி எனக்கு ஜாம் கிளற வேலை வைத்தீர்கள். காய்ச்சின பால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாறோடு கலந்து, ரம்மை அளந்து விட்டு, தூக்கு நிறைய ஐஸ் போட்டு, மூடியை இறுக்கிப் பிடித்துக் குலுக்க வேண்டும். தூக்கின் வெளிப்பக்கம் பனி பூத்துக் கை மரத்ததும் நிறுத்த வேண்டும். கலந்ததை வைத்திருக்கக் கூடாது. வைத்தால் அன்னாசி பாலைக் கசக்க வைத்துவிடும். எனக்கு ரம் சேர்க்காமல் ஒரு தம்ளர் தனியாகத் தந்தீர்கள். குடித்துவிட்டு, "இனிப்பு ஜாஸ்தி, திகட்டுது" என்று குறை சொன்னேன். நீங்கள் உடனே கீழே போய் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து சில சொட்டு விட்டீர்கள். அதோடு அதன் ருசி எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தீர்கள். "கோவாக்காரன் இங்க வந்து கத்துக்கணும்" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் நான் கொடியைத் தாண்டி வந்து உங்கள் பக்கத்தில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். பாட்டில் நம் நடுவில் திறந்து இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். "இது அப்பா வாசனை இல்லையே" என்றேன்.

"அது கறுப்பு ரம். மிலிட்டரில அதுதான் குடுப்பாங்க. பினா கொலாடாவுக்கு வெள்ளைதான் சரி. அப்படி இல்லன்னாலும் நான் வெள்ளைதான் வாங்கியிருப்பேன்" என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவா வேண்டும்?

அப்போதுதான் உங்களிடம் சொன்னேன். அப்பா வரும் நேரத்தில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். நான் அங்கிருந்து பார்த்தது அப்பாவின் பாதங்களை மட்டும்தான். மற்றதெல்லாம் வாசனையும் சத்தமும். இதை அண்ணன்கூட என்னிடம் பேசினதில்லை, நானும் பேசினதில்லை. நீங்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. ஜெபம் பண்ணலாம் என்று சொல்லவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டீர்கள். பிறகு பாட்டில் மூடியைத் தேடி எடுத்துத் திருகி மூடி, டேங்குக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டில் பாட்டில் திறந்தால் காலியாகித்தான் கீழே உருளும். ஒரு தம்ளர் குடித்துவிட்டு மூடி வைக்க முடியும் என்பதை என் கண்ணால் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை அது அதே அளவில் அங்கேயே இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. நம் வேலை முடிந்து நீங்கள் கீழே போன பிறகு, நான் குனிந்து பொந்துக்குள் பார்ப்பேன். இது உங்களுக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருக்கும். எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. ஒரு நாள் என் தம்ளரிலும் கொஞ்சம் ரம் விடச் சொன்னேன். முதலில் அன்னாசி, பிறகு தேங்காய், விழுங்கின பிறகு நெஞ்சில் ஒரு இளஞ்சூடு. "பாஸா ரிஜெக்டா?" என்று கேட்டீர்கள். பாஸ் என்றேன்.

அண்ணன் கண்டுபிடித்த நாள் நினைவிருக்கிறதா? அண்ணனிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றீர்களே, அந்த நேரம் உங்களுக்கு வரவே இல்லை. மீட்டிங் சீக்கிரம் முடிந்து வந்தவர், டேங்க் நிரம்பி வழிகிறதே என்று விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டார். கையில் தூக்கோடு நீங்கள். தம்ளரோடு நான். மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்ட மருமகள் மாதிரி நின்றோம். அண்ணன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கீழே வீசி உடைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எப்ப வாங்கினே?" என்றார்.

"ஈஸ்டர் முடிஞ்சு."

"இப்ப ஆகஸ்ட்டு."

"ஆமாங்க."

"பாதிக்கு மேல இருக்கு."

"ஆமாங்க."

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வால்வைத் திருகி மூடிவிட்டு இறங்கிப் போனார். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஸ்பூன் விழுந்தாலும் நான் திடுக்கிட்டேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே உங்களிடம் சொன்னார்: "அந்த இரும்புப் படி வழுக்குது. உனக்கு முட்டி வலி வேற. அதைக் கீழ கொண்டாந்து வச்சுக்கோ."

"மாமிக்கு வாக்குக் குடுத்திருக்கீங்களே?"

"அம்மா அந்தப் பாட்டிலைப் பார்த்திருந்தா அவங்களும் இதையேதான் சொல்லியிருப்பாங்க."

இதற்குமேல் அந்த மனிதரிடமிருந்து எதிர்பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் சமையலறையில் பாட்டிலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுவார். கமிட்டி கௌரவம் பார்க்கிறார் என்று நான் கேலி செய்வேன். நீங்கள் அந்தக் கேலியில் மட்டும் சேர்ந்துகொண்டதில்லை.

இந்த வருடக் கோடையில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தது கொஞ்ச நாள்தான். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கும் அதை மறுபடி கேட்க வேண்டியிருக்காது. ஆனால் உங்கள் பிறந்த நாளன்று நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

அன்றும் சனிக்கிழமை. கம்பெனியில் அரை நாள்தான். வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினேன். அந்த வாசனை, அண்ணி. அசல் அதே வாசனை. கறுப்பு ரம். என் கால் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே டைனிங் டேபிளில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் திறந்த பாட்டில். உங்களைப் புதைத்துவிட்டு வந்த பிறகு சரியாகச் சாப்பிடாத, யாரோடும் பேசாத மனிதர். என் மனசு எங்கெல்லாம் ஓடியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுடைய பிள்ளைதானே அவரும் என்று ஒரு நினைப்பு வந்தது. பையைப் போட்டுவிட்டு ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுகூட இருந்தது.

பிறகுதான் டேபிளில் மற்றது கண்ணில் பட்டது. முள்ளோடு அரிந்து வைத்த அன்னாசி. உடைத்த தேங்காய். நம் தூக்கு. ஒரு தம்ளரில் வெள்ளைக் குருணை மிதக்கும் ஏதோ ஒன்று.

"கட்டி கட்டியா வருது" என்றார் அண்ணன். "அவ எப்படிப் பண்ணுவா? இன்னைக்கு அவ பொறந்தநாளு. ஒரு தம்ளர் பண்ணி அவ போட்டோ கிட்ட வைக்கலாம்னு பார்த்தேன்." உடனே, "படையல் எல்லாம் இல்ல, சும்மாத்தான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். கமிட்டி மெம்பர் அல்லவா?

"ஏன் அங்கயே நிக்கிறே?" என்றார். நான் பாட்டிலையே பார்த்தேன்.

"வாசனையா?"

தலையாட்டினேன்.

"எனக்கும்தான், பாப்பா. மூடியைத் திறந்துட்டு எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கேன் தெரியுமா? ஊத்தறதுக்குக் கை வரமாட்டேங்குது. அவ பண்றப்ப எல்லாம் நான் எதுக்குப் பார்க்குக்கு ஓடினேன்னு நினைச்சே?" தம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "கட்டிலுக்கு அடியில ஒரு கையால உன் வாயைப் பொத்திக்கிட்டு இருப்பேன். இன்னொரு கையால உன்னைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். என் மூக்கைப் பொத்திக்கறதுக்குக் கை இருக்காது."

ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம். பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது வாக்கு, எனக்கு அது பயம் என்று மனதுக்குள் பிரித்து வைத்திருந்தேன். நீங்கள் அவர் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர். உங்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கேலியில் சேரவில்லை. அவரை ஒரு நாளும் உட்கார் என்று வற்புறுத்தவும் இல்லை.

நான் உள்ளே நடந்து போனேன். பிறந்ததிலிருந்து அந்த வாசனையை விட்டு ஓடித்தான் பழக்கம். அதை நோக்கி நடந்தது அன்றுதான். "சக்கரை போட்டுக் காய்ச்சணும்ணா" என்று சொல்லி, பாலை அடுப்பில் வைத்தேன். அவரை அன்னாசி வடிகட்ட உட்கார வைத்தேன். இருமல் மருந்து மூடியில் நானே அளந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அளந்ததும் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தேன். கறுப்பு ரம் போட்டதால் கலர் நாசம், டீக்கடை டீ மாதிரி. நீங்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் போட்டோ பக்கத்தில் ஒரு தம்ளர் வைத்தோம். கசந்துபோவதற்குள் அண்ணனே அதை எடுத்து ஒரு வாய் குடித்தார். எழுபதை நெருங்கும் வயதில் முதல் முறை. "இதுக்கா இவ்வளவு கலாட்டா?" என்று சிரித்தார். சிரிக்கும்போதே அழுதுவிட்டார். மீதியை நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நாங்கள் பேசுகிறோம், அண்ணி. எப்போதும் பினா கொலாடா இல்லை. பல நாள் வெறும் காபிதான். பேசுவது அப்பாவைப் பற்றி. ஆரம்பத்தில் உடைந்தது, அடித்தது எல்லாம்தான் வந்தது. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தைச் சொல்லித் தீர்த்தோம். தீர்த்த பிறகு வேறு விஷயங்கள் வர ஆரம்பித்தன. போன வாரம் அண்ணன் ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குடிக்காமல் இருப்பாராம். என்னை சைக்கிள் முன்பக்கம் உட்காரவைத்து அல்சூர் ஏரிக்குக் கூட்டிப் போவாராம். அண்ணன் பின்னாலேயே ஓடி வருவாராம். திரும்பும்போது நான் ஹேண்டில்பாரில் சாய்ந்து தூங்கிவிடுவேனாம். ஓட்டினால் நான் விழித்துக்கொள்வேன் என்று அப்பா இறங்கி, ஒரு கையால் என்னைத் தாங்கி, ஏரியிலிருந்து வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வருவாராம்.

எனக்கு இது துளியும் ஞாபகமில்லை. தூங்கிக்கொண்டு இருந்தேனே, எப்படி இருக்கும்? இதனால் மற்றதெல்லாம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது இப்போது அந்தச் சைக்கிள் என் கூடவே வருகிறது. அதை எனக்குக் கொடுத்தது அண்ணன். அண்ணனைப் பேச வைத்தது நீங்கள். ரொம்ப நன்றி, அண்ணி.

உங்கள்
எஸ்தர்